‘அரிய நூல்’ என்ற இரு சொற்கள்

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் நம் நினைவுக்கு வருபவை காலணியும் தோல் பையும்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையில் ஊறிப் பதனான ஆட்டுத்தோல், கப்பலேறி லண்டன் சென்று புத்தகங்களுக்கு மேலட்டையாகவும் ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியுமா? அங்கே அதற்கு மெருகேற்றினார்கள், சாயம் தோய்த்தார்கள், ஒரு புதுப் பெயரும் சூட்டினார்கள். அந்தப் பெயர் ‘பெர்சியன்’. வெள்ளாட்டுத் தோலாக இருந்தால் ‘பெர்சியன் மொராக்கோ’ என்றும் சொன்னார்கள். அந்தத் தோல் பாரசீகத்தைப் பார்த்ததில்லை, மொராக்கோவையும் பார்த்ததில்லை. இரண்டே சொற்களில் இரண்டு பிழைகள்!

பழைய புத்தகங்களை வாங்குவோரும் விற்போரும் கையாளும் சொற்களைப் பற்றிய இந்தக் கட்டுரையை அந்தப் பெயரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளை விவரிப்பதும் அதைப் புகழ்வதும் வேறு வேறு செயல்கள். பழைய நூல் வணிகத்தில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அறிவியல் பயிலும் நாம் இந்தக் கலப்படத்தை ஏற்கலாமா? நமது பணமும் நமது நூல்களின் வரலாறும் இந்தக் கேள்வியில் அடங்கியுள்ளன.

தோல் சொன்ன சாட்சி

நூலகங்களில் தோல் கட்டுப் போட்ட பழைய ஆங்கில நூல்களை எடுத்திருப்பீர்கள். எடுத்த கையில் செம்மண் போன்ற பொடி ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் முதுகு வெடித்து, உதிரும். இதைச் ‘செந்தூள் நோய்’ எனலாம். இது பூச்சியினாலோ பூசணத்தாலோ வருவதன்று. வேதியியல் மாற்றத்தால் வருவது.

1900-ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள கலைச் சங்கம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் முழு அறிக்கை 1905-இல் நூலாக வெளிவந்தது. வேதியியல் அறிஞர்களும் நூலகர்களும் புத்தகம் கட்டுவோரும் சேர்ந்து செய்த ஆய்வு இது. சுமாக் என்னும் செடியின் இலையால் பதனிட்ட தோல் சிறந்தது என்று குழு கூறியது. மிக மோசமானது என்று அது ஒதுக்கியது நமது ஆவாரம்பட்டைத் தோலை! ஒளியும் விளக்குப் புகையும் படும் சில சூழல்களில் அது ஓராண்டுக்குள்ளாகவே கெடத் தொடங்கியதாம்.

காரணம் என்ன? தாவரங்களில் உள்ள துவர்ப்புப் பொருள்களுக்கு டானின் என்று பெயர். இவற்றில் இரண்டு பெரு வகைகள் உண்டு. ஆவாரை, வேலம்பட்டை போன்றவற்றில் உள்ளவை ஒரு வகை. சுமாக், கடுக்காய் போன்றவற்றில் உள்ளவை மற்றொரு வகை. நிலக்கரிப் புகையிலும் வாயு விளக்கிலும் கந்தக டை ஆக்சைடு உண்டாகிறது. முதல் வகை டானின் கொண்ட தோல் அதை எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. நாளடைவில் அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறி நார்களைத் தின்றுவிடுகிறது. இரண்டாம் வகைத் தோல் இதைக் கூடுதலாகத் தாங்கும். ஓர் இரும்பு உப்புக் கரைசலால் இவ்விரு வகைகளையும் ஆய்வுக்கூடத்தில் வேறுபடுத்தலாம். முதல் வகை பச்சை கலந்த கருநிறம் தரும். இரண்டாம் வகை நீலம் கலந்த கருநிறம் தரும்.

இந்த அறிக்கையையும் நாம் எடை போட்டுப் பார்க்க வேண்டும். ஆவாரையின் மீது மட்டும் பழியைப் போட்டுவிடுவது முழு நியாயம் ஆகாது. தோலுக்குச் சாயமேற்றும்போது கந்தக அமிலத்தைச் சேர்த்ததும், அழகுக்காகத் தோலை அளவுக்கு மீறிச் சீவி மெலிதாக்கியதும் கேடு விளைவித்தன என்று அதே குழு கூறியிருக்கிறது. இந்த இரண்டும் அங்கே நடந்தவை. மேலும் 1932-இல் பிரிட்டனில் வேறொரு சோதனை தொடங்கியது. பலவகைத் தோல்களில் கட்டிய நூல்களை இரு தொகுதிகளாக்கி, ஒன்றைப் புகை நிறைந்த லண்டனிலும் மற்றொன்றைக் காற்று தூய்மையான வேல்சு நாட்டு அபரிஸ்ட்வித் நகரிலும் வைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது லண்டன் தொகுதியே கூடுதலாகக் கெட்டிருந்தது. ஆகவே தோலின் பெயர் மட்டும் அதன் விதியைச் சொல்லிவிடாது. பதனிட்ட முறை, சாயம், இருந்த இடம், காற்று ஆகிய எல்லாம் சேர்ந்தே சொல்லும்.

இதிலிருந்து பழைய நூல் வாங்குவோர் பெறும் பாடம் எளியது. ‘அழகிய தோல் கட்டு’ என்பது விவரணம் ஆகாது. ‘தோல் கட்டு, முதுகு சிவந்து பொடிகிறது, முன்னட்டை தளர்ந்துள்ளது’ என்பதே விவரணம். முன்னதை நீங்கள் நம்பத்தான் முடியும். பின்னதைச் சரிபார்க்க முடியும்.

நான்கு சொற்கள்

நம்மிடையே பழைய தமிழ் நூல்களை விற்போர் பெரும்பாலும் நான்கு சொற்களைக் கொண்டே காலம் தள்ளுகிறார்கள்: ‘பழமையானது’, ‘முதற் பதிப்பு’, ‘அரியது’, ‘நல்ல நிலை’. இவற்றை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

முதலில் ‘பழமையானது’. நம் பழைய நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. ‘விரோதி வருஷம்’ என்பது போல் அறுபதாண்டு வட்டத்தின் பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகியவற்றில் தொடங்கியது. விரோதி அவ்வட்டத்தின் 23-ஆவது ஆண்டு. ஆகவே அது 1829 ஆகலாம், 1889 ஆகலாம், 1949-உம் ஆகலாம். விற்பவர் இவற்றுள் மிகப் பழையதையே தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ? இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழாண்டு சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. விரோதி ஆண்டுத் தை மாதம் என்றால் அது 1889 அன்று; 1890 ஆகும்.

அறுபது ஆண்டு ஐயத்தைத் தீர்ப்பது எப்படி? நூலுக்குள்ளேயே சான்று இருக்கும். விலை அணாவில் இருக்கிறதா, நயா பைசாவில் இருக்கிறதா? தசம நாணயம் 1957 ஏப்ரலில் வந்தது. ‘லை’, ‘னை’, ‘றா’ முதலிய எழுத்துகள் பழைய வடிவில் உள்ளனவா? தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் நூல் 1972-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்தியர்கள் தடையின்றி அச்சுக்கூடம் நடத்த வழி பிறந்தது 1835-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான். ஆகவே 1829 என்று கூறுவோர் வலுவான சான்று காட்ட வேண்டும்.

ஊர்ப்பெயரும் சாட்சி சொல்லும். திருப்பத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911 வரை அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டில் சேர்ந்தது. 1989-இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. பின்னர் வேலூர் மாவட்டம் என்ற பெயர் வந்தது. 2019-இல் திருப்பத்தூரே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. எனவே ‘சேலம் ஜில்லா, திருப்பத்தூர்’ என்று அச்சிட்ட நூல் பெரும்பாலும் 1911-க்கு முந்தியது. வெறும் ‘திருப்பத்தூர்’ என்று மட்டும் இருந்தாலோ எச்சரிக்கை தேவை. சிவகங்கைப் பக்கம் ஒரு திருப்பத்தூர் உண்டு. திருச்சி மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. எந்தத் திருப்பத்தூர் என்று கேளாமல் உள்ளூர் வரலாறு எழுதப் புகுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

போலியைக் காட்டிய நுண்ணோக்கி

அடுத்த சொல் ‘முதற் பதிப்பு’. மறுபதிப்புகளிலும் பழைய முகவுரையை அதன் பழைய தேதியோடு அப்படியே அச்சிடுவது நம் வழக்கம். முகவுரைத் தேதியைப் பதிப்புத் தேதி என்று கொள்வது மிகப் பரவலான தவறு. தலைப்புப் பக்கமே கிழிந்துபோன படியில் இத்தவறு இன்னும் எளிதாக நேரும்.

தலைப்புப் பக்கம் முழுமையாக இருந்தாலும் அது பொய் சொல்லக்கூடும். இதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. லண்டனில் தாமஸ் வைஸ் என்பவர் பெரும் நூல் சேகரிப்பாளர். நூலியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். ஆங்கிலக் கவிஞர்களின் சிறு வெளியீடுகள் பல, யாரும் அறியாத முதற் பதிப்புகள் என்ற பெயரில் அவர் வழியாக வெளிவந்து நல்ல விலைக்குப் போயின. அவற்றுள் ஒன்று எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் கவிதைத் தொகுதி. அதில் அச்சிட்ட ஆண்டு 1847.

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்டு என்ற இரு இளைஞர்களுக்கு ஐயம் எழுந்தது. இருவரும் பழைய நூல் வணிகத்தில் இருந்தவர்களே என்பதைக் கவனியுங்கள். அவர்கள் அந்த வெளியீடுகளின் தாளிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராயச் செய்தார்கள். பிரிட்டனில் எஸ்பார்ட்டோ என்னும் புல்லின் கூழ் தாளில் கலக்கத் தொடங்கியது 1861 வாக்கில். வேதியியல் முறையில் பிரித்த மரக்கூழ் வந்தது 1874 வாக்கில். 1847-இல் அச்சானதாகச் சொல்லப்பட்ட நூலின் தாளில் அந்த மரக்கூழ் இருந்தது! சில அச்செழுத்துகளின் வடிவமும் பிற்காலத்தது என்று தெரிந்தது. 1934-இல் இருவரும் தங்கள் ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். அதில் யாரையும் வசை பாடவில்லை. சான்றுகளை வரிசைப்படுத்தினார்கள், அவ்வளவே. வைஸ் நேரான விடை எதுவும் தராமலே 1937-இல் மறைந்தார்.

தலைப்புப் பக்கம் பொய் சொன்னது. தாள் பொய் சொல்லவில்லை. விவரணம் என்பது நூலின் எல்லா உறுப்புகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ‘முதற் பதிப்பு’ என்று யாரேனும் சொன்னால் ‘எதைக் கொண்டு?’ என்று கேட்பதே நாம் கற்க வேண்டிய பழக்கம்.

எது அரியது?

மூன்றாவது சொல் ‘அரியது’. இச்சொல்லைத்தான் நம்மவர் மிக மலிவாக்கிவிட்டார்கள். அருமை என்பது எண்ணிக்கை பற்றியது. எத்தனை படிகள் எஞ்சியுள்ளன என்று தேடிப் பாராமல் அரியது என்று சொல்வது, எடை பார்க்காமல் விலை சொல்வதற்கு ஒப்பானது.

தேடுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஜான் மர்டாக் 1865-இல் தமிழ் அச்சு நூல்களுக்கு ஒரு வகைப்பாட்டு அட்டவணை வெளியிட்டார். பார்னெட், ஜி. யு. போப் ஆகியோர் தொகுத்த பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூல் அட்டவணை 1909-இல் வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய பெருந்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. இவற்றில் பார்த்துவிட்டு, ‘இன்னின்ன அட்டவணைகளில் காணவில்லை’ என்று எழுதினால் அது தகவல். வாங்குபவர் மேலும் தேடலாம்.

புகழ் பெற்ற நூலே அரிய நூல் என்று எண்ணுவதும் பிழை. உ. வே. சாமிநாதையரின் 1887-ஆம் ஆண்டுச் சீவக சிந்தாமணிப் பதிப்பை வாங்கியவர்கள் போற்றி வைத்தார்கள். நூலகங்களும் காத்தன. ஆனால் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களை யார் காத்தார்கள்? வெள்ளம், பஞ்சம், கொலை வழக்கு, இரயில் விபத்து என்று அன்றன்றைய செய்தியைப் பாடிய அந்தத் தாள்கள் படித்தவுடன் பொட்டலம் மடிக்கப் போயின. மலிவாக விற்றதும் பலர் படித்ததுமே அவை அழியக் காரணம். பழைய தாள் கடையில் எடைக்குப் போகும் கட்டில் பொன்னெழுத்து அட்டைகளை மட்டும் பொறுக்குபவர், உண்மையில் அரியதை விட்டுவிட்டு வரக்கூடும்.

நான்காவது சொல் ‘நல்ல நிலை’. இதற்கு அளவுகோல் எண்ணிக்கைதான். அச்சகத்தார் ஒரு பெரிய தாளை மடித்து 8 ஏடுகள், அதாவது 16 பக்கங்கள் ஆக்குவதைப் ‘பாரம்’ என்பார்கள். பல பழைய நூல்களில் ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்க அடியிலும் சிறிய எண் இருக்கும். அந்த எண்களைத் தொடர்ந்து பார்த்தால் இடையில் ஏடு விழுந்திருப்பது உடனே தெரியும். விழுந்த ஏட்டுக்குப் பதில் நகல் ஏடு செருகப்பட்டுள்ளதா? மறுகட்டுப் போடும்போது ஓரத்தை வெட்டி, பழைய வாசகர் எழுதிய குறிப்புகளைப் பாதியாக்கிவிட்டார்களா? பூச்சித் துளை எழுத்தைத் தொட்டிருக்கிறதா? தாளின் ஒரு மூலையை மெல்ல வளைத்தால் வளைகிறதா, ஒடியும் போலிருக்கிறதா? ஏதேனும் நூலகத்தின் முத்திரை இருந்தால் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்பும் இருக்கிறதா? அக்குறிப்பு இல்லையானால், எவ்வளவு அரிய நூலாயினும் வாங்குமுன் நின்று யோசிக்க வேண்டும்.

இரண்டு விவரணங்கள்

எடுத்துக்காட்டுக்காக ஒரு மருத்துவ நூலைக் கற்பனை செய்துகொள்வோம். அதை விற்பவர் வழக்கமாக எழுதுவது இது:

“மிக மிக அரிய மருத்துவ நூல். 150 ஆண்டுப் பழமை. முதற் பதிப்பு. நல்ல நிலை.”

அதே நூலுக்கு இப்படியும் எழுதலாம்:

“தலைப்புப் பக்கத்தில் விரோதி வருஷம் தை மாதம் என்று மட்டும் உள்ளது. வெளியிட்டவர் ஊர் ‘சேலம் ஜில்லா திருப்பத்தூர்’. ஆகவே 1890 ஆகலாம். பதிப்பு எண் இல்லை. முகவுரை 8 பக்கம், நூல் 128 பக்கம், 8 பாரங்கள். 33, 34-ஆம் பக்கங்கள் கொண்ட ஏடு இல்லை. முதல் 20 பக்கங்களில் பூச்சித் துளை, எழுத்து கெடவில்லை. பிற்காலத்து அரைத்தோல் கட்டு, முதுகு பொடிகிறது. 1909-ஆம் ஆண்டு அட்டவணையில் காணவில்லை.”

முதல் விவரணத்தில் ஒவ்வொரு சொல்லும் விலையை ஏற்றுகிறது. இரண்டாவதில் சில சொற்கள் விலையை இறக்குகின்றன. ஆனால் இரண்டாவதைப் படித்தவர் ஏமாற மாட்டார்; வாங்கிய பின் திருப்பித் தரவும் வரமாட்டார். ‘1890 ஆகலாம்’ என்ற முடிவுக்கு வந்த வழியும் அதில் தெரிகிறது. ‘சேலம் ஜில்லா’ 1950-ஐ விலக்கியது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் 1830-ஐ ஐயத்திற்கு உரியதாக்கியது. அந்த வழியில் பிழை இருந்தால் நீங்களே திருத்தலாம். இதுதான் அறிவியல் முறை.

‘எடைக்கு வாங்கி எடைக்கு விற்கும் சிறு வியாபாரிக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் எத்தனையோ ஏழை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமாக இருந்தன. அங்கே யாரும் பாரம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பத்து ரூபாய்ப் புத்தகத்திற்கு இந்த விசாரணை தேவையும் இல்லை. ஆனால் ‘அரியது’ என்று சொல்லிப் பத்தாயிரம் கேட்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. அரியது என்று அறிய அவருக்கு நேரம் இருந்ததென்றால், ஏடுகளை எண்ணவும் நேரம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

மேலும் இது மேல்நாட்டாரின் ஆடம்பரமும் அன்று. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், வெளியான தேதி, பக்க எண்ணிக்கை, அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படிகள், விலை ஆகியவற்றைப் பதியச் சொன்னது. ஆட்சியாளர்கள் நூல்களைக் கண்காணிக்கவே இதைச் செய்தார்கள். எனினும் விளைந்த பட்டியல்கள் ஆராய்ச்சியாளருக்குச் செல்வமாயின. அச்சட்டம் 2024 மார்ச்சில் புதிய சட்டத்திற்கு இடம் கொடுத்து விலகிவிட்டது. புதிய சட்டம் பருவ இதழ்களைப் பற்றியது. நூல்களைப் பதியும் கடமை அதில் இல்லை. ஆகவே நூலை விவரிக்கும் பொறுப்பு முன்னைவிட இப்போது நம்மைச் சேர்ந்தது.

முன்பு சொன்ன ஜான் கார்ட்டர் 1952-இல் நூல் சேகரிப்போருக்கென்று ஓர் அகராதி எழுதினார். வணிகச் சொற்களின் பொருளை மட்டுமன்றி அவற்றின் மழுப்பலையும் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டிய நூல் அது. ஆயினும் அதைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் நமக்குப் போதாது. அறுபதாண்டு வட்டம், பழைய எழுத்து வடிவம், மாறிய மாவட்டங்கள், குஜிலித் தாள்கள் ஆகிய எதற்கும் அதில் விடை கிடைக்காது. நமக்கென்று ஓர் அகராதி எழுத வேண்டும். அதற்கு வேண்டிய சொற்களை அச்சகத் தொழிலாளரும் புத்தகம் கட்டுவோரும் முன்பே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். தோல் பதனிடும் தொழிலாளரைக் கேட்டிருந்தால் லண்டன் வணிகருக்கும் ‘பெர்சியன்’ என்ற பொய்ப் பெயர் தேவைப்பட்டிராது.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துப் புத்தகம் ஒன்று கிடக்கலாம். அதை இறக்கித் தூசி தட்டுங்கள். விற்க வேண்டா, விலை கேட்கவும் வேண்டா. ஆண்டு, ஊர், அச்சகம், பக்கம், குறைந்த ஏடு, தாள், கட்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வையுங்கள். ‘அரிய நூல்’ என்ற இரு சொற்களை மட்டும் எழுதாதீர்கள். அந்த முடிவை, அடுத்துப் படிப்பவர் உங்கள் குறிப்பிலிருந்தே பெற்றுக்கொள்வார்.